ஃபிஸ்டுலா இன்னும் ஓடிக்கொண்டிருப்பவர்களைக் கணக்கிலிருந்து நீக்கலாமா?

சிறுநீரக மருத்துவப் பிரிவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். டயாலிசிஸுக்காகக் கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் ரத்த வழி) அமைத்துக்கொண்ட 80 பேரை ஒன்றரை ஆண்டுக் காலம் தொடர்ந்து கவனித்திருக்கிறீர்கள். 27 பேருக்கு ஃபிஸ்டுலா பழுதாகிவிட்டது. 8 பேர் ஃபிஸ்டுலா நன்றாக இருக்கும்போதே இறந்துவிட்டார்கள், 5 பேருக்கு மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது, 11 பேர் நடுவில் வராமல் நின்றுவிட்டார்கள். மீதி 29 பேருக்கு ஆய்வு முடிந்த நாளிலும் ஃபிஸ்டுலா ஓடிக்கொண்டிருந்தது. ஃபிஸ்டுலா எத்தனை மாதம் தாங்குகிறது என்று எழுத வேண்டும். பழுதான 27 பேரை மட்டும் வைத்துச் சராசரி எடு, மற்றவர்களிடம் முழுத் தகவல் இல்லை, நீக்கிவிடு என்று வழிகாட்டி சொல்கிறார். கூடவே, இடையில் ஆஞ்சியோபிளாஸ்டி (குறுகிய ரத்தக் குழாயைப் பலூனால் விரிக்கும் சிகிச்சை) செய்துகொண்டவர்களுக்கு ஃபிஸ்டுலா அதிக நாள் தாங்கியதா என்றும் ஒப்பிட விரும்புகிறீர்கள்.

சராசரி எப்படி எடுப்பது என்ற கேள்வியாக இது தோன்றினாலும், அடியில் இருப்பது வேறு கேள்வி. ஒரு நிகழ்வுக்காகக் காத்திருக்கிறோம். அது நடப்பதற்குள் நம் ஆய்வு முடிந்துவிடுகிறது. அந்த நோயாளியிடமிருந்து நாம் தெரிந்துகொண்டது எவ்வளவு? மருத்துவக் கல்லூரிகளில் புள்ளியியலாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆய்வேடுகளில் அதிகம் தவறாகக் கையாளப்படும் இடம் இதுதான். பல மாத உழைப்பில் சேர்த்த தரவை ஒரே முடிவில் வீணாக்கிவிடக்கூடிய இடமும் இதுதான்.

ஐயத்துக்கு இடமில்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். நீக்கக் கூடாது. 14 மாதமாக ஃபிஸ்டுலா ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்ல முடியாது. குறைந்தது 14 மாதம் தாங்கியது என்று உறுதியாகத் தெரியும். இந்தக் ‘குறைந்தது இவ்வளவு’ என்ற தகவலைத்தான் புள்ளியியலில் சென்சாரிங் என்கிறார்கள். அதை நீக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒன்றாகப் படித்தவர்கள் முப்பது வயதை எட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை திருமணமானவர்களை மட்டும் கூட்டித் திருமண வயதின் சராசரியைக் கணக்கிட்டால் அது முப்பதைத் தாண்டவே முடியாது; நாற்பதில் திருமணம் செய்யப்போகிறவர் அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. உங்கள் தரவிலும் அப்படித்தான். ஒன்றரை ஆண்டு ஆய்வில் பழுதானவர்களை மட்டும் எடுத்தால், ஃபிஸ்டுலா உண்மையில் பத்து ஆண்டு தாங்கக்கூடியதாக இருந்தாலும் சராசரி 18 மாதத்துக்குக் கீழேதான் வரும். அந்த எண் ஃபிஸ்டுலாவைப் பற்றிச் சொல்வதைவிட உங்கள் ஆய்வின் நீளத்தைப் பற்றியே அதிகம் சொல்லும்.

வழிகாட்டியிடம் காட்ட ஓர் உண்மையான எடுத்துக்காட்டு தருகிறேன். 1963-இல் அமெரிக்காவில் எமில் ஃப்ரைரைக் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ரத்தப் புற்றுநோய் ஆய்வு இது. சிகிச்சையால் நோய் அடங்கியிருந்த 42 இளம் நோயாளிகளை 21 இணைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் இணையிலும் ஒருவருக்கு 6-மெர்காப்டோபியூரின், மற்றவருக்கு மருந்தில்லா மாத்திரை. நோய் திரும்பும் வரை எத்தனை வாரம் என்று பார்த்தார்கள். மருந்தில்லாத 21 பேருக்கும் நோய் திரும்பிவிட்டது, சராசரி 8.7 வாரம். மருந்து பெற்ற 21 பேரில் 9 பேருக்கு மட்டுமே திரும்பியது. மற்ற 12 பேர் ஆய்வு நின்றபோது நோயின்றி இருந்தார்கள். இப்போது உங்கள் வழிகாட்டி சொன்னபடி அந்த 12 பேரை நீக்கிவிட்டு மீதி 9 பேரின் சராசரியை எடுங்கள். அவர்களுக்கு நோய் திரும்பிய வாரங்கள் 6, 6, 6, 7, 10, 13, 16, 22, 23. சராசரி 12.1 வாரம். மருந்தின் பயன் மூன்றரை வாரம்தான் என்று முடிவாகிவிடும். நாம் தூக்கிப்போட்ட 12 பேரில் 32, 34, 35 வாரம் வரை நோயின்றி இருந்தவர்கள் இருக்கிறார்கள். மருந்தால் மிக அதிகம் பயன்பெற்றவர்களைத் தேடித் தேடி நீக்கியிருக்கிறோம்.

சரி, எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, கடைசியாகப் பார்த்த வாரத்தையே நோய் திரும்பிய வாரமாக வைத்துக்கொண்டால்? 17.1 வாரம் வரும். இதுவும் தவறு, ஏனென்றால் அந்த 12 பேருக்கும் நோய் திரும்பியதாக நாமே எழுதிவிடுகிறோம். சரியான வழி, ஒவ்வொரு நிகழ்வின்போதும் ‘இந்த வாரத் தொடக்கத்தில் நம் பார்வையில் நோயின்றி இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு நோய் திரும்பியது’ என்று கேட்பது. ஆறாம் வாரத்தில் 21 பேர், மூவருக்குத் திரும்பியது, நோயின்றி எஞ்சிய பங்கு 21-இல் 18, அதாவது 0.857. அதே ஆறாம் வாரத்தோடு இன்னொருவரின் பதிவும் நோய் திரும்பாமலேயே முடிகிறது. ஆகவே ஏழாம் வாரத்தில் 17 பேர், ஒருவருக்குத் திரும்புகிறது. 0.857-ஐ 17-இல் 16 என்ற பின்னத்தால் பெருக்கினால் 0.807. ஒன்பதாம் வாரத்தில் ஒருவரின் பதிவு முடிகிறது, பத்தாம் வாரத்தில் 15 பேரில் ஒருவர், 0.753. இப்படியே போனால் 23-ஆம் வாரத்தில் 0.448-க்கு இறங்குகிறது. பாதிக்குக் கீழே முதன்முறையாக இறங்கும் அந்த 23-தான் இடைநிலை அளவு. மருந்தில்லாதவர்களுக்கு அது 8 வாரம். 12.1-க்கும் 8.7-க்கும் உள்ள இடைவெளியையும், 23-க்கும் 8-க்கும் உள்ள இடைவெளியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வழிகாட்டியின் மேசையில் வையுங்கள். தரவு ஒன்றுதான்.

இந்தக் கணக்கில் பதிவு முடிந்தவர் தான் இருந்த வாரங்கள் வரை வகுக்கும் எண்ணில் நின்று தன் பங்கைச் செலுத்திவிட்டு விலகுகிறார். அவர் கொடுத்த அரைத் தகவல் முழுவதும் பயன்படுகிறது. அவரிடம் இல்லாத தகவலை நாம் இட்டுக்கட்டவும் இல்லை. 1958-இல் எட்வர்டு கேப்லனும் பால் மையரும் எழுதிய கட்டுரையில் வந்த முறை இது. கேப்லன் பெல் ஆய்வுக்கூடத்தில் கடலடித் தொலைபேசிக் கேபிள்களில் பொருத்தும் வெற்றிடக் குழாய்களின் ஆயுளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். மையர் மருத்துவத் தரவுகளோடு மல்லாடிக்கொண்டிருந்தார். இருவரும் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள், இரண்டு கட்டுரைகளும் பிறகு ஒன்றாக்கப்பட்டன. கடலுக்கடியில் உள்ள குழாய்க்கும் உங்கள் நோயாளியின் ஃபிஸ்டுலாவுக்கும் கணக்கு ஒன்றே என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

‘80-இல் 27, ஆகவே 34 சதவீதம் பழுது’ என்று எழுதும் வழக்கமும் உண்டு. அதையும் தவிர்த்துவிடுங்கள். கடைசி மாதத்தில் சேர்ந்தவரையும் முதல் மாதத்தில் சேர்ந்தவரையும் ஒரே எடையில் வைக்கும் சதவீதம் அது.

இதுவரை சொன்னது உறுதியானது. இனிமேல் வருவது உங்கள் தரவைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல முடியாத பகுதி. கேப்லன்-மையர் முறை ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பார்வையிலிருந்து விலகியவர்களும் தொடர்ந்து இருப்பவர்களும் அதன்பிறகு ஒரே மாதிரியான ஆபத்தில் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை. ஆய்வு முடிந்ததால் மட்டும் பதிவு நின்ற அந்த 29 பேரைப் பொறுத்தவரை இதை ஏற்கலாம். காலண்டர் அவர்களின் ரத்தக் குழாயைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. வராமல் போன 11 பேரின் கதை வேறு. ஏன் வரவில்லை? ஊர் மாறியிருக்கலாம். ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டு, வேறு மருத்துவமனையில் கழுத்தில் குழாய் போட்டுக்கொண்டிருக்கலாம். இறந்திருக்கலாம். முதலாவது என்றால் கணக்குக்குக் கேடில்லை. இரண்டாவது என்றால் உங்கள் வளைகோடு (இப்படிக் கணக்கிட்ட பங்குகளைக் காலவாரியாக வரைந்த கோடு) உண்மையைவிட மேலே நிற்கும். மூன்றாவது என்றால் அவர்களைக் கீழே சொல்லப்போகும் இறந்தவர்களோடு சேர்க்க வேண்டும். எது உண்மை என்று எந்த மென்பொருளும் சொல்லாது, ஏனென்றால் அதற்கான தகவல் தரவுக்குள் இல்லை.

இது ஏட்டளவிலான கவலை என்று நினைக்க வேண்டாம். அடையாறு புற்றுநோய் நிறுவனத்தினர் 2008-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டில் 1990 முதல் 1999 வரை சேர்ந்த நோயாளிகளை முதலில் மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடு மட்டும் ஒப்பிட்டார்கள். அதில் பெயர் கிடைக்காதவர்களைப் பிறகு நேரடியாகத் தேடிப் போய் நிலையை அறிந்தார்கள். தேடியபோது, பதிவேட்டில் பொருந்தாத பலர் ஏற்கெனவே இறந்திருந்தது தெரிந்தது. தேடாமல் விட்டிருந்தால் ஐந்தாண்டு உயிர்வாழ்வு விகிதம் உண்மையைவிடக் கணிசமாக உயர்ந்து தெரிந்திருக்கும். நம் ஊர்த் தரவில் வராமல் போனவர்களைச் சாதாரண சென்சாரிங் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியாது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன் தொலைபேசியை எடுங்கள். 11 பேர்தான். வீட்டாரிடம் கேளுங்கள், மற்ற டயாலிசிஸ் மையங்களில் விசாரியுங்கள். எட்டுப் பேரின் நிலை தெரிந்தாலே பெரிய லாபம். எஞ்சியவர்களுக்கு இரண்டு முறை கணக்கிடுங்கள்: கடைசியாக வந்த நாளுக்கு மறுநாளே ஃபிஸ்டுலா பழுதானதாக வைத்து ஒரு முறை, ஆய்வு முடியும் வரை நன்றாக ஓடியதாக வைத்து ஒரு முறை. உண்மை இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கும். இரண்டு எண்களும் ஒன்றையொன்று ஒட்டியிருந்தால் நிம்மதியாக எழுதலாம். வெகுதூரம் விலகியிருந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும், மறைக்க வேண்டியதில்லை.

இறந்த 8 பேரும் மாற்றுச் சிறுநீரகம் பெற்ற 5 பேரும் மூன்றாவது வகை. இவர்களுக்கு ‘இனிமேல் பழுதாகும்’ என்ற நிலையே கிடையாது. இவர்களைச் சென்சார் செய்து கேப்லன்-மையர் போட்டு, அதை ஒன்றிலிருந்து கழித்து ‘ஓராண்டில் இத்தனை சதவீதம் பழுதாகும்’ என்று எழுதினால், இறந்தவரின் ஃபிஸ்டுலாவும் பிற்காலத்தில் பழுதாகக்கூடும் என்று கணக்கு எண்ணிக்கொள்கிறது. விளைவு, உண்மையில் பழுதைச் சந்திக்கப்போகிறவர்களின் பங்கைவிட அதிகமான எண். ஒரு நோயாளி எதிரில் உட்கார்ந்து ‘எனக்கு ஓராண்டுக்குள் பழுதாக எவ்வளவு வாய்ப்பு’ என்று கேட்டால், போட்டி நிகழ்வுகளை (இறப்பு, மாற்றுச் சிறுநீரகம் போலப் பழுதுக்கு இடமே தராதவற்றை) தனியே கணக்கில் கொள்ளும் திரள் நிகழ்வு விகிதத்தைத்தான் சொல்ல வேண்டும். ‘நீரிழிவு ஃபிஸ்டுலாவைச் சீக்கிரம் பழுதாக்குகிறதா’ என்று காரணத்தைத் தேடும்போது, இறப்பைச் சென்சார் செய்த காக்ஸ் மாதிரியே (காரணிகளின் பங்கைக் கணக்கிடும் முறை, கீழே விளக்குகிறேன்) பொருத்தமானது. ஃபிஸ்டுலா பற்றிய ஆய்வுகள் பலவற்றில் இறப்பைச் சென்சார் செய்வதே வழக்கமாக இருக்கிறது, ஆகவே ஒப்பிடுவதற்கு அந்த எண்ணும் தேவைப்படும். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டையும் தருவேன். 80-இல் 13 பேர் என்பதால் இடைவெளி பெரிதாக இருக்காது என்று ஊகிக்கிறேன். ஆனால் இறப்புகள் முதல் சில மாதங்களிலேயே குவிந்திருந்தால் என் ஊகம் பொய்க்கலாம்.

ஆஞ்சியோபிளாஸ்டி ஒப்பீடுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. முதலில் ‘பழுது’ என்று எதைக் குறித்தீர்கள் என்று பாருங்கள். அமைத்த நாளிலிருந்து முதல் அடைப்பு அல்லது முதல் சீரமைப்பு வரை எண்ணினால் ஆஞ்சியோபிளாஸ்டியே நிகழ்வாகிவிடும். அதன் பலனை அதே கணக்கில் தேட முடியாது. ஃபிஸ்டுலாவைக் கைவிட்ட நாள் வரை எண்ணியிருந்தால்தான் உங்கள் கேள்விக்கே பொருள் உண்டு. அப்போதும் ஒரு பொறி காத்திருக்கிறது. ஏழாம் மாதத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவரின் ஃபிஸ்டுலா, அதற்கு முந்தைய ஏழு மாதமும் கைவிடப்படாமல் இருந்தாக வேண்டும். இரண்டாம் மாதத்திலேயே கைவிட்டவருக்கு அந்தச் சிகிச்சை பெறும் வாய்ப்பே வரவில்லை. அவர் தானாகவே ‘செய்யாதவர்’ பட்டியலில் விழுகிறார். ஆஞ்சியோபிளாஸ்டி எந்தப் பயனும் இல்லாததாக இருந்தாலும் இந்த ஒப்பீட்டில் அது வெற்றி பெறும்.

ஸ்டான்ஃபோர்டில் நார்மன் ஷம்வே 1968-இல் தொடங்கிய இதய மாற்றுச் சிகிச்சையின் ஆரம்பகாலக் கணக்குகளிலும் இதே சிக்கல் எழுந்தது. மாற்று இதயம் பெற்றவர்களை, பட்டியலில் சேர்ந்தும் பெறாதவர்களோடு ஒப்பிட்டபோது பெற்றவர்கள் நெடுநாள் வாழ்ந்தது போலத் தெரிந்தது. இதயம் கிடைக்கும் வரை உயிரோடு காத்திருக்க முடிந்தவர்களே முதல் குழுவில் சேர முடியும் என்பதை 1972-இல் மிட்செல் கெயில் சுட்டிக்காட்டினார். பின்னர் 1977-இல் கிரௌலியும் ஹூவும் அதே தரவை மறுபடி பகுத்தபோது, ஒவ்வொரு நோயாளியையும் இதயம் கிடைக்கும் நாள் வரை ‘பெறாதவர்’ என்றும், அதற்குப் பிறகே ‘பெற்றவர்’ என்றும் எண்ணினார்கள். நீங்களும் அதையே செய்ய வேண்டும். ஏழாம் மாதத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவரின் முதல் ஏழு மாதத்தைச் செய்யாதவர்கள் கணக்கிலும், அடுத்த மாதங்களைச் செய்தவர்கள் கணக்கிலும் சேருங்கள். அப்படிச் செய்தாலும் எல்லாம் தீராது. மருத்துவர் யாருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்யலாம் என்று தேர்ந்தெடுத்தாரோ அவர்கள் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர்கள். 80 பேரை வைத்து அந்த வேறுபாட்டை முழுவதும் சரிசெய்ய முடியும் என்று நான் வாக்குறுதி தர மாட்டேன்.

இதே காரணத்தால், வேறு மருத்துவமனையில் ஃபிஸ்டுலா அமைத்துக்கொண்டு சில மாதம் கழித்து உங்களிடம் வந்தவர்கள் 80-இல் இருக்கிறார்களா என்றும் பாருங்கள். உங்களிடம் வருவதற்குள் பழுதானவர்கள் உங்கள் பட்டியலுக்கே வந்திருக்க மாட்டார்கள். அமைத்த நாளிலிருந்து காலத்தை எண்ணினாலும், அவர்கள் உங்களிடம் வந்த நாளிலிருந்துதான் வகுக்கும் எண்ணில் சேர வேண்டும். மென்பொருளில் நுழைவுக் காலம் என்று தனியே கொடுக்க இடமுண்டு. ஆர் மென்பொருளின் சர்வைவல் தொகுப்பில் இதை எளிதாகச் செய்யலாம், அது இலவசமும் கூட.

காக்ஸ் மாதிரியைப் பற்றி ஓரளவு மட்டும். டேவிட் காக்ஸ் 1972-இல் கண்ட வழி அழகானது: ஒவ்வொரு பழுதின்போதும், அந்த நேரத்தில் ஆபத்தில் இருந்த அத்தனை பேரில் ஏன் இவருக்கு நேர்ந்தது என்று மட்டும் கேட்கிறது. ஆபத்து காலப்போக்கில் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமலேயே காரணிகளின் பங்கைக் கணக்கிட முடிகிறது. நீரிழிவுக்கு ஹசார்டு விகிதம் 2 என்று வந்தால், இதுவரை தாங்கிய ஃபிஸ்டுலா அடுத்த கணத்தில் பழுதாகும் வேகம் இருமடங்கு என்று பொருள். ஆயுள் பாதியாகிறது என்று எழுதிவிடாதீர்கள். ஆபத்து காலம் முழுவதும் மாறாமல் இருக்கும் தனி நிலையில்தான் அது உண்மை. அந்த 2 என்ற விகிதம் தொடக்கம் முதல் இறுதி வரை ஒரே அளவில் இருக்கிறது என்பதும் மாதிரியின் அனுமானம். ஃபிஸ்டுலாவில் இது எனக்கு ஐயமாகவே இருக்கிறது, ஏனென்றால் முதல் சில வாரங்களில் முதிராமல் போகும் ஃபிஸ்டுலாவுக்கும், ஓராண்டு ஓடிய பிறகு குறுகி அடைக்கும் ஃபிஸ்டுலாவுக்கும் காரணங்கள் வேறு. இந்த அனுமானத்தைச் சோதிக்க உதவும் ஷோன்ஃபெல்டு எச்சங்களைக் காலவாரியாக வரைந்து பாருங்கள். கோடு சாய்ந்தால் முதல் மூன்று மாதத்தையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் பிரித்துப் பகுப்பது நல்லது.

எத்தனை காரணிகளை மாதிரியில் போடலாம் என்பதை 80 என்ற எண் தீர்மானிப்பதில்லை. 27 என்ற எண்தான் தீர்மானிக்கிறது. ஒரு காரணிக்குப் பத்து நிகழ்வு என்று சொல்வது கைப்பழக்கத்தில் வந்த விதி, அதைச் சட்டமாகக் கொள்ள வேண்டாம். ஆனால் 27 நிகழ்வை வைத்துக்கொண்டு வயது, பால், நீரிழிவு, ஃபிஸ்டுலா அமைந்த இடம், ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் என ஏழெட்டைத் திணித்தால் வரும் எண்களில் எதையும் நம்ப முடியாது. இரண்டு அல்லது மூன்று போதும். அவற்றையும் முடிவுகளைப் பார்த்த பிறகு தேர்ந்தெடுக்காமல் இப்போதே எழுதி வையுங்கள்.

ஆய்வேட்டில் சராசரி மாதத்துக்குப் பதிலாக வளைகோட்டையும், அதன் கீழே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆபத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கையையும் தாருங்கள். 6 மாதத்திலும் 12 மாதத்திலும் எத்தனை பங்கு ஓடிக்கொண்டிருந்தது என்பதை நம்பக இடைவெளியோடு (அந்த எண் எவ்வளவு ஏறி இறங்கக்கூடும் என்று காட்டும் எல்லைகளோடு) எழுதுங்கள். வளைகோடு பாதிக்குக் கீழே இறங்காமல் போகவும் கூடும். அப்போது ‘இடைநிலை அளவை எட்டவில்லை’ என்று எழுதுவதே சரியான பதில், அதில் குறையொன்றும் இல்லை. கோட்டின் வால்பகுதியில் நான்கைந்து பேர் மட்டுமே மிஞ்சியிருக்கும்போது வரும் திடீர்ச் சரிவுக்குப் பொருள் தேடாதீர்கள். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் சில மாதம் இருந்தால், புதிதாக யாரையும் சேர்க்காமல் அந்த 29 பேரின் நிலையை மட்டும் மீண்டும் ஒருமுறை பதிவு செய்து, ஆய்வு முடியும் தேதியைத் தள்ளி வையுங்கள். தேதியை முன்கூட்டியே முடிவு செய்து நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவித்துவிட்டு, பிறகு விசாரிக்கத் தொடங்குங்கள். நமக்கு வேண்டிய விடை வந்த நாளில் நிறுத்திக்கொண்டதாக யாரும் சொல்ல இடமிருக்காது.